பெருங்குடல் புற்றுநோய்: நோய் உறுதியானபின் அறிய வேண்டியவை

பெருங்குடல் புற்றுநோய் என்பது பெருங்குடலின் உட்சுவரில் தோன்றும் புற்றுநோயாகும். பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ளது. சிறுகுடல் முடியும் இடத்தில், வலப்பக்க அடிவயிற்றில் தொடங்கி மேலேறுகிறது. பிறகு வயிற்றின் குறுக்கே சென்று, இடப்பக்கமாக இறங்கி, மலக்குடலில் முடிகிறது. இதன் உட்சுவரில் பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சிகள் தோன்றுவதுண்டு. அவற்றில் ஒரு பகுதி, பத்து ஆண்டு அளவான காலத்தில் மெல்ல மெல்லப் புற்றாக மாறுகிறது. மலக்குடலையும் சேர்த்துக் கணக்கிட்டால், 2022ஆம் ஆண்டில் உலகில் சுமார் 19 இலட்சம் பேருக்கும் இந்தியாவில் சுமார் 70 ஆயிரம் பேருக்கும் இந்நோய் புதிதாக ஏற்பட்டது. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் இந்தியாவின் எண்ணிக்கை மேலை நாடுகளைவிடக் குறைவு. நோய் முற்றியபின் மருத்துவமனைக்கு வருவோர்தாம் இங்கு மிகுதி.

நோய் உறுதியானதும் ஒரு குடும்பம் கையில் சில தாள்களோடு வீடு திரும்புகிறது. அந்தத் தாள்கள் எதைச் சொல்கின்றன, எதை இன்னும் சொல்லவில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. எடுத்துக்காட்டுகள் தூத்துக்குடி மாவட்டம் ஓட்டப்பிடாரம், கோவில்பட்டி வட்டாரத்தைச் சார்ந்தவை. வ.உ.சிதம்பரனார் பிறந்த ஊர் என்று பலரும் அறிந்த ஓட்டப்பிடாரம், மழையை நம்பிய கரிசல் பூமி. உளுந்து, பாசி, பருத்தி, மிளகாய், கம்பு, சோளம் விளையும் இடம். வேலை நாளை இழந்து மருத்துவமனைக்குப் போவது இங்கு எளிதான முடிவு அன்று.

மூலம் என்ற பெயரில் கழியும் மாதங்கள்

மலத்தில் இரத்தம் வந்தால் முதலில் நினைவுக்கு வருவது மூலம். தமிழகத்தின் சுவர்களில் "மூலம், பவுத்திரம்" விளம்பரம் இல்லாத ஊர் அரிது. கரிசலில் துத்தி இலை வேலியோரத்திலேயே கிடைக்கும். அதை வதக்கித் தின்பார்கள், கருணைக்கிழங்கு சமைப்பார்கள். "உடம்புச் சூடு" என்று இளநீர் குடிப்பார்கள். மூலத்திற்கு இவை இதம் தரலாம். இரத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை இவை சொல்ல மாட்டா.

மூலத்தில் வரும் இரத்தம் பெரும்பாலும் பளிச்சென்ற சிவப்பாக, மலம் கழித்தபின் சொட்டும். கட்டியிலிருந்து வருவது பெரும்பாலும் கருஞ்சிவப்பாக, மலத்தோடு கலந்து, சளியோடு வரும். ஆயினும் நிறத்தை வைத்து முடிவு செய்ய இயலாது. மூலமும் கட்டியும் ஒருவருக்கே இருக்கலாம். மலக்குடலின் கீழ்ப்பகுதியில் உள்ள கட்டியை மருத்துவர் விரலால் சோதித்தே உணர்ந்துவிட முடியும். காசு செலவில்லாத இந்தச் சோதனையைக் கூச்சத்தால் நோயாளியும் தவிர்க்கிறார். நேரமின்மையால் சில வேளை மருத்துவரும் தவிர்க்கிறார்.

வலப்பக்கக் கட்டி வேறு விதமாக ஏமாற்றும். அங்கே குடல் அகலமானது, மலமும் நீர்மமாக இருக்கும். ஆகவே அடைப்பு எளிதில் வராது. கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். நோயாளிக்குத் தெரிவது களைப்பும் மூச்சு வாங்குதலும்தான். களையெடுக்கப் போகிற ஐம்பது வயதுப் பெண்ணின் களைப்பை வெயில் என்றும் வயது என்றும் சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவிடுவது எளிது. ஐம்பது வயதைக் கடந்த ஆணுக்கோ, மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ காரணம் தெரியாத இரும்புச்சத்துக் குறைவு இருந்தால், குடலைப் பார்க்காமல் மாத்திரையோடு நிறுத்துவது முறையாகாது.

இடப்பக்கக் கட்டியில் மலம் கழிக்கும் வழக்கமே மாறும். சில நாள் மலச்சிக்கல், சில நாள் பேதி, மலம் மெலிந்து நாடா போல் வருதல், போய் வந்தபின்னும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு ஆகியன இதில் சேரும். இவை மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் நீடித்தால் சோதிக்க வேண்டும்.

இந்தியாவில் பொதுமக்களுக்கான அரசுப் பரிசோதனைத் திட்டங்கள் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களையே தேடுகின்றன. பெருங்குடல் அப்பட்டியலில் இல்லை. அமெரிக்காவில் 45 வயதிலிருந்து எல்லோரையும் சோதிக்குமாறு 2021இல் பரிந்துரைத்தனர். இங்கோ அறிகுறியைக் கண்டு நோயாளியே வந்தால்தான் நோய் தெரியும்.

பயாப்ஸித் தாள்

நோயை உறுதி செய்வது கொலனோஸ்கோபி. நுனியில் ஒளியும் கேமராவும் உள்ள வளையும் குழாயை ஆசனவாய் வழியே செலுத்திக் குடலின் உட்புறத்தைப் பார்ப்பார்கள். முந்தைய நாள் குடலைச் சுத்தம் செய்யும் பேதி மருந்து தரப்படும். நோயாளிகளைக் கேட்டால், சோதனையைவிட இந்தப் பேதியே பெரும் தொல்லை என்பார்கள். கட்டி தென்பட்டால் அதிலிருந்து சில துணுக்குகளைக் கிள்ளி எடுத்து நோயியல் மருத்துவருக்கு அனுப்புவார்கள். இதுவே பயாப்ஸி. கிள்ளி எடுத்தால் புற்று பரவிவிடும் என்ற அச்சம் ஊர்களில் உண்டு, அது உண்மையன்று.

தாளில் பெரும்பாலும் "அடினோகார்சினோமா" என்று எழுதியிருக்கும். சுரப்பித் திசுவில் தோன்றிய புற்று என்பது இதன் பொருள். பெருங்குடல் புற்றுநோய்களில் மிகப் பெரும்பகுதி இவ்வகையே. அதன் அருகில் "கிரேடு 2" அல்லது "மிதமான வேறுபாடு" என்றிருக்கலாம். இங்கேதான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. கிரேடு என்பது தரம். புற்றுச் செல்கள் இயல்பான செல்களிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதை அது குறிக்கும். ஸ்டேஜ் என்பது நிலை. நோய் உடலில் எவ்வளவு தூரம் சென்றிருக்கிறது என்பதை அது குறிக்கும். கிரேடு 2 என்பதைக் கண்டு "இரண்டாம் கட்டமாம்" என்று உறவினருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுகிறார்கள். பயாப்ஸித் தாளில் நிலை இருக்காது, இருக்கவும் முடியாது. அது நோயின் பெயரை மட்டுமே சொல்கிறது.

ஸ்கேனும் சி.இ.ஏ.யும்

அடுத்து வயிறு, இடுப்பு, மார்பு ஆகியவற்றுக்குச் சி.டி. ஸ்கேன் எடுக்கப்படும். பெருங்குடலின் இரத்தம் முதலில் கல்லீரலுக்குச் செல்வதால் நோய் பரவினால் பெரும்பாலும் அங்கேதான் முதலில் பரவும், அதற்கடுத்து நுரையீரல். இவ்விரண்டையும் பார்ப்பதே ஸ்கேனின் முதன்மை நோக்கம்.

சி.இ.ஏ. என்பது இரத்தத்தில் அளக்கப்படும் ஒரு புரதம். 1965இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் பில் கோல்டு, சாமுவேல் ஃப்ரீட்மேன் ஆகியோர் இதைக் கண்டறிந்தனர். பொதுவாக 5க்குக் கீழ் இருப்பது இயல்பு என்பர். புகைபிடிப்பவர்களுக்கு நோய் இல்லாமலே சற்றுக் கூடியிருக்கலாம். கட்டி உள்ள சிலருக்கு இயல்பாகவே இருக்கலாம். எனவே இது நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை அன்று. சிகிச்சைக்கு முன் ஒருமுறை அளந்து வைத்தால், பின்னாளில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஒப்பிடலாம். அறுவைக்கு முந்தைய இந்த அளவைப் பத்திரப்படுத்துவது அவசியம்.

இச்சோதனைகளுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம். பல ஆண்டுகள் வளர்ந்த கட்டி இது. சோதனைகளை ஒழுங்காக முடிக்க எடுக்கும் அந்த வாரங்களால் பொதுவாகக் கேடில்லை. அதற்காக மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. வயிறு உப்பி, வாந்தி வந்து, மலமும் காற்றும் வெளியேறாமல் நின்றாலும், தாங்க முடியாத வயிற்றுவலி வந்தாலும், இரத்தம் நிற்காமல் போனாலும் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இக்காலத்தில் உணவு பற்றி ஒரு தவறு நிகழ்கிறது. நார்ச்சத்து குடலுக்கு நல்லது என்று கேள்விப்பட்டுக் கம்பங்கூழும் கீரையும் நிறையக் கொடுக்கிறார்கள். கம்பு, சோளம், வரகு உண்ட பழைய கரிசல் உணவு குடலுக்கு உகந்ததே. ஆப்பிரிக்காவில் பணியாற்றிய டெனிஸ் பர்கிட் என்ற மருத்துவர், நார்ச்சத்து மிகுந்த உணவு உண்போரிடம் இந்நோய் குறைவு என்ற கருத்தை 1971இல் முன்வைத்தார். ஆனால் அது நோய் வருமுன் பொருந்துவது. கட்டியால் குடல் குறுகியவருக்கு அதே நார்ச்சத்து அடைப்பை உண்டாக்கலாம். அறுவை முடியும்வரை எதை உண்பது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நிலையைக் கணக்கிடுதல்

1932இல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் கத்பர்ட் டியூக்ஸ் என்ற நோயியல் மருத்துவர், மலக்குடல் புற்றை அது சுவரில் ஊடுருவிய ஆழத்தையும் நிணநீர்க் கணுக்களையும் கொண்டு ஏ, பி, சி என்று வகுத்தார். இன்று டி.என்.எம். முறை வழக்கில் உள்ளது. டி என்பது குடற்சுவரில் கட்டி இறங்கிய ஆழம், என் என்பது நிணநீர்க் கணுக்கள், எம் என்பது தொலைவுப் பரவல்.

குடற்சுவரை வீட்டுச் சுவராக எண்ணிக்கொள்ளலாம். டி1 என்றால் பூச்சைத் தாண்டியுள்ளது. டி2 என்றால் செங்கல்லுக்குள், அதாவது தசையடுக்கினுள் நுழைந்துள்ளது. டி3 என்றால் செங்கல்லைக் கடந்து வெளிக் கொழுப்பை எட்டியுள்ளது. டி4 என்றால் வெளிப்புற உறையையும் கிழித்துள்ளது, அல்லது பக்கத்து உறுப்பைத் தொட்டுள்ளது.

அறுவைக்குப் பின் வரும் நோயியல் அறிக்கையில் "பி.டி3, பி.என்1பி, கணுக்கள் 2/16" என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். முன்னால் உள்ள "பி", வெட்டியெடுத்த குடலை நேரில் சோதித்துச் சொன்னது என்பதைக் குறிக்கும். 16 கணுக்களைச் சோதித்ததில் 2இல் புற்று இருந்தது. ஒன்று முதல் மூன்று கணுக்கள் என்றால் என்1. நான்கும் அதற்கு மேலும் என்றால் என்2. கணுவில் புற்று இருந்து தொலைவில் பரவாமல் இருந்தால் அது மூன்றாம் நிலை. கணுவில் இல்லாமல் டி1, டி2 மட்டும் என்றால் முதல் நிலை. டி3, டி4 என்றால் இரண்டாம் நிலை. கல்லீரல், நுரையீரல் போன்ற இடங்களுக்குச் சென்றிருந்தால் நான்காம் நிலை.

இந்தப் பின்னத்தின் கீழ் எண்ணையும் கவனிக்க வேண்டும். குறைந்தது 12 கணுக்களையாவது சோதிக்க வேண்டும் என்பது உலகளாவிய நெறி. "0/4" என்றிருந்தால் நான்கில் இல்லை என்றுதான் பொருள். கணுக்களிலேயே இல்லை என்று உறுதி கொள்ள முடியாது. அப்போது மீதமுள்ள திசுவில் இன்னும் கணுக்களைத் தேட முடியுமா என்று கேட்கலாம். இதைக் கேட்பது மருத்துவரைக் குறை சொல்வதாகாது.

அமெரிக்கப் பதிவேடுகளின்படி, குடற்சுவரோடு நின்ற நோயில் நூற்றுக்குச் சுமார் 90 பேர் ஐந்தாண்டுகளைக் கடக்கிறார்கள். கணுக்கள் அல்லது அருகிலுள்ள உறுப்புகளை எட்டியதில் 70 பேருக்குச் சற்று மேல்; தொலைவில் பரவியதில் 15 பேரளவு. இவை பெருங்கூட்டத்தின் சராசரிகள். ஒரு தனி மனிதரின் ஆயுளை இவற்றால் கணிக்க முடியாது. நான்காம் நிலையிலும், கல்லீரலில் ஓரிரு கட்டிகள் மட்டும் இருந்தால் அவற்றை வெட்டியெடுத்துச் சிலர் முழுமையாகக் குணமடைகின்றனர்.

அறுவையும் பையும்

பரவாத நோய்க்கு அடிப்படைச் சிகிச்சை அறுவைதான். கட்டியுள்ள பகுதியையும் அதைச் சார்ந்த கணுக்களையும் சேர்த்து நீக்கி, இரு முனைகளையும் இணைப்பார்கள். கத்தி பட்டால் நோய் பரவும் என்ற பேச்சைக் கேட்டு அறுவையை மறுப்பவர்கள் இன்றும் உண்டு. குணமாகும் வாய்ப்பை அவர்கள் அறியாமலே இழக்கிறார்கள். அறுவைக்கு முந்தைய வாரங்களில் புகையிலையை நிறுத்துதல், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருதல், இரத்தசோகையைச் சரிசெய்தல், நாள்தோறும் நடத்தல் ஆகியவை தேறுவதை எளிதாக்கும்.

மற்றோர் அச்சம் "வயிற்றில் பை வைப்பது". பெருங்குடல் அறுவை செய்துகொள்ளும் பெரும்பாலோருக்குப் பை தேவைப்படுவதில்லை. அடைப்போடு அவசர அறுவைக்கு வருவோருக்கும், மலக்குடலின் கீழ்ப்பகுதிக் கட்டி உள்ளோருக்கும் தேவைப்படலாம். அவர்களிலும் பலருக்கு அது தற்காலிகமே. சில மாதங்களில் மூடிவிடுவார்கள். நிலையாக வைத்துக்கொள்ள நேர்ந்தாலும், பையோடு வயலுக்கும் கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் போய்வர முடியும். எந்த அளவுப் பை, தோல் புண்ணாகாமல் ஒட்டுவது எப்படி என்பதை மருத்துவமனையை விட்டு வருமுன் நோயாளியும் வீட்டில் ஒருவரும் செய்து பார்த்துக் கற்றுக்கொள்வது நல்லது.

கதிர்வீச்சு பெரும்பாலும் மலக்குடல் புற்றுக்கே தரப்படுகிறது. அறிக்கையில் இருப்பது பெருங்குடலா, மலக்குடலா என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது இதனால்தான் முக்கியம். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கரண்டு வைத்தார்கள், நமக்கு வைக்கவில்லையே என்ற கவலை பல நேரம் இந்த வேறுபாடு தெரியாமல் எழுவது.

கரிசலில் கீமோ

மூன்றாம் நிலையிலும், ஆபத்துக் கூடிய இரண்டாம் நிலையிலும் அறுவைக்குப் பின் கீமோதெரபி தரப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாமல் எஞ்சியிருக்கக்கூடிய செல்களை அழிப்பதே நோக்கம். அறுவை முடிந்து எட்டு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. உளுந்து அறுவடை முடியட்டும் என்று காத்திருந்தால் இதன் பயன் குறையும். 1957இல் அறிமுகமான 5-ஃபுளூரோயூராசில் என்ற மருந்தே இன்றும் அடிப்படை. அதன் மாத்திரை வடிவம் கேப்பசிட்டபின். இவற்றோடு ஆக்சாலிபிளாட்டின் ஊசி சேர்க்கப்படும். முழுக் காலம் ஆறு மாதம். மூன்றாம் நிலையில் ஆபத்துக் குறைந்த பிரிவினருக்கு மூன்று மாதமே போதும் என்று 2018இல் வெளியான பெரிய கூட்டாய்வு காட்டியது.

ஆக்சாலிபிளாட்டின் ஏற்றிய நாள்களில் குளிர்ச்சி பட்டால் விரல்களும் தொண்டையும் ஊசி குத்துவது போல் கூசும். மார்கழி விடியலில் தொட்டித் தண்ணீரில் கைவைப்பதும், மண்பானைத் தண்ணீரை மடமடவெனக் குடிப்பதும் கூடாது. வெதுவெதுப்பான நீரே ஏற்றது. நாளடைவில் விரல் நுனி மரத்துப் போகலாம். பருத்தி எடுப்பவருக்கும் தீப்பெட்டி ஒட்டுபவருக்கும் அது பிழைப்பைத் தொடும் விஷயம். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்ற அளவு வந்தால், அடுத்த ஊசிக்கு முன்பே சொல்ல வேண்டும். மருந்தின் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ முடியும். கேப்பசிட்டபின் உள்ளங்கை, உள்ளங்கால் தோலைச் சிவக்கவும் உரியவும் செய்யும். சித்திரை வெயிலில் காய்ந்து வெடித்த கரிசல் மண்ணில் வெறுங்காலோடு நடப்பவருக்கு இது தாங்காது. செருப்பு, களிம்பு, ஓய்வு மூன்றும் தேவை.

கீமோ நாள்களில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல் வந்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுப்பது ஆபத்து. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நிலையில் சில மணி நேரத்தில் தொற்று முற்றிவிடும். இரவானாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எங்கே செல்வது

1923இல் மலக்குடல் புற்றுநோயால் ஒரு பெண் இறந்தார். அவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை. இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர்களுள் ஒருவரான முத்துலட்சுமி, மருத்துவராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. புற்றுநோய்க்கென ஒரு மருத்துவமனை தென்னிந்தியாவில் அப்போது இல்லை. அந்த இழப்பே அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு வித்தானது. 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் 12 படுக்கைகளோடு அது தொடங்கியது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் வி. சாந்தாவும் அதை வளர்த்தனர்.

இன்று ஓட்டப்பிடாரத்தார் எல்லாவற்றுக்கும் சென்னை செல்ல வேண்டியதில்லை. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சுமார் 25 கிலோமீட்டரில் உள்ளது. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும் அடுத்தவை. தென்மாவட்டத்தார் பலர் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும் செல்கின்றனர். அறுவையைப் பெரிய மையத்தில் செய்துகொண்டு, கீமோவை அருகிலேயே எடுக்க முடியுமா என்று கேட்பது பேருந்துச் செலவையும் வேலை நாளையும் மிச்சப்படுத்தும்.

அரசு மருத்துவமனையில் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் சிகிச்சை பெறலாம். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று தேவை. நகையை அடகு வைக்குமுன் இந்த அட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிகிச்சைக்காக இரயிலில் செல்லும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனை தரும் சான்றைக் கோவில்பட்டி போன்ற நிலையத்தின் முன்பதிவு அலுவலகத்தில் காட்ட வேண்டும்.

வீட்டில் மறைத்தல்

நோயாளியிடம் சொல்லாமல் "குடலில் புண்" என்று சொல்லி வைப்பது தமிழ்க் குடும்பங்களில் பெருவழக்கு. அன்பினால் செய்வதே அது. ஆனால் ஏன் ஆறு மாதம் ஊசி என்று தெரியாதவர் மூன்றாவது ஊசியில் போதும் என்று நிறுத்திவிடுவார். பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரம் என்று ஊருக்கு மறைப்பதும் உண்டு. நோய் ஒட்டிப் பரவாது. ஒரே தட்டில் உண்ணலாம்.

மறைப்பதால் உண்மையில் இழப்பவர்கள் உடன்பிறந்தாரும் பிள்ளைகளும். பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் இருந்தால் 40 வயதில், அல்லது நோயாளிக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்பாக, எது முந்தியதோ அப்போது கொலனோஸ்கோபி செய்ய வேண்டும். தந்தைக்கு 46இல் தெரிந்தால் பிள்ளைகளுக்கு 36இல். பாலிப் இருந்தால் அப்போதே நீக்கிவிடலாம். புற்று வராமலே போகும். ஒரே குடும்பத்தில் பலருக்கு, இளவயதிலேயே வந்தால் லிஞ்ச் நோய்க்கூட்டம் என்ற மரபுவழிக் குறைபாடாக இருக்கலாம். இதற்காகக் கட்டித் திசுவில் எம்.எம்.ஆர். சோதனை செய்கிறார்கள். சிகிச்சையைத் தேர்வதற்கும் அதன் முடிவு உதவுவதால், அது செய்யப்பட்டதா என்று கேட்கலாம். இளவயதில் வராது என்ற எண்ணமும் தவறு. ஹாலிவுட் நடிகர் சாட்விக் போஸ்மனுக்கு 2016இல் மூன்றாம் நிலையில் இந்நோய் கண்டறியப்பட்டது. 2020இல் அவர் இறந்தபோது வயது 43.

சிகிச்சைக்குப் பிறகு

முதல் இரண்டு ஆண்டுகளில் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும், பிறகு ஐந்தாம் ஆண்டுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் மருத்துவரைப் பார்த்துச் சி.இ.ஏ. அளக்க வேண்டும். இடையிடையே சி.டி. ஸ்கேன் உண்டு. அறுவைக்கு ஓராண்டு கழித்து மீண்டும் கொலனோஸ்கோபி. அடைப்பினால் முதலில் முழுக் குடலையும் பார்க்க முடியாமற் போயிருந்தால், அதைச் சில மாதங்களிலேயே செய்வார்கள்.

2025இல் வெளியான "சேலஞ்ச்" என்ற ஆய்வில், அறுவையும் கீமோவும் முடித்த 889 பேர் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு மூன்றாண்டுகள் வழிகாட்டலோடு உடற்பயிற்சி. மற்றவர்களுக்கு அறிவுரைக் கையேடு மட்டும். எட்டாம் ஆண்டில் பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 90 பேரும், மற்றவர்களில் 83 பேரும் உயிருடன் இருந்தனர். பலரும் தேர்ந்தெடுத்த பயிற்சி வேகநடை. வெயில் ஏறுமுன் கண்மாய்க் கரையில் முக்கால் மணி நேரம் நடப்பது இந்த வட்டாரத்தில் யாருக்கும் இயலக்கூடியதே. கீமோவால் பாதம் மரத்திருப்பவர் மட்டும் செருப்பில்லாமல் இறங்கக் கூடாது. முள் குத்தியது மாலைவரை அவருக்குத் தெரியாது.